விண்ணியலும் அரசு நிதியும்: நிர்வாகியின் பொறுப்பு

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

குடிநீருக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் நிதி ஒதுக்குவதன் நியாயத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விண்மீன்களை ஆராய்வதற்கு மக்களின் வரிப்பணத்தைச் செலவிடுவது அத்தகையதன்று. அதன் பயன் உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எப்போது, எவ்வடிவில் கிட்டும் என்பதையும் முன்கூட்டிக் கூற இயலாது. ஆயினும் இன்று இத்துறையின் பெரும் புரவலராக விளங்குவது அரசே. ஆகவே, நிதி கோரும் விஞ்ஞானிக்கும் அதை வழங்கும் மக்கள் மன்றத்திற்கும் இடையே நிற்கும் திட்ட நிர்வாகியின் பொறுப்பு மிகப் பெரிதாகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும்.

ஆராய்ச்சியைத் துறந்தவர்

நாசா 1958இல் தோன்றியது. மறு ஆண்டே நான்சி கிரேஸ் ரோமன் என்ற விண்ணியலார் அங்குப் பணியேற்றார். அதன் தலைமையகத்தில் விண்ணியல் பிரிவின் முதல் தலைவராக விளங்கியவர் அவர். அந்நிறுவனத்தில் உயர் நிர்வாகப் பதவி வகித்த முதல் பெண்மணியும் அவரே. விண்மீன் ஆராய்ச்சியில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அவர், இப்பதவியை ஏற்றால் சொந்த ஆராய்ச்சியைக் கைவிட நேரும் என்பதை அறிந்தே ஏற்றார். ஒரு துறையின் போக்கைப் பல்லாண்டுகளுக்கு வகுக்கும் வாய்ப்பு அவ்விழப்பினும் பெரிதென அவர் கருதினார்.

அவர் முதலில் மேற்கொண்ட பணி, பிறர் கூறுவதைக் கேட்பது. நாடெங்கும் பயணம் செய்து, விண்வெளியிலிருந்து எவற்றை ஆராய விரும்புகிறார்கள் என விஞ்ஞானிகளைக் கேட்டறிந்தார். பூமியின் காற்று மண்டலம் புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் விண்வெளித் தொலைநோக்கி இன்றியமையாதது என்பதை அவர் எடுத்துரைத்தார். எனினும், அதே பணத்தில் தரையில் பல தொலைநோக்கிகளை நிறுவலாமே என்று வாதிட்டோரும் இருந்தனர்.

தோல்வியும் தொடர்ச்சியும்

விண்ணியல் ஆய்வுக்கென 1966இல் ஏவப்பட்ட முதல் சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம் சில நாட்களிலேயே செயலிழந்தது. அத்துடன் திட்டம் கைவிடப்பட்டிருப்பின் செலவு முழுவதும் வீணாகியிருக்கும். 1968இல் ஏவப்பட்ட இரண்டாவது கூடம் நன்கு செயல்பட்டது. 1970இல் மீண்டும் ஒரு தோல்வி நேர்ந்தது. 1972இல் ஏவப்பட்ட கூடமோ பல ஆண்டுகள் பணியாற்றியது. ஆராய்ச்சிக்கான நிதியில் தோல்விக்கும் இடமளிக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

மக்கள் மன்றத்தில்

பின்னர் ஹப்பிள் எனப் பெயர் பெற்ற பெரிய தொலைநோக்கித் திட்டத்திற்கு 1974இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிதி வெட்டு நேர்ந்தது. சாதாரண வரி செலுத்துவோர் இதற்கு ஏன் பணம் தர வேண்டும் என செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் வினவினார். தலைக்கு ஒரு திரைப்படம் பார்க்கும் செலவில் பல ஆண்டுகளுக்குப் புதிய கண்டுபிடிப்புகள் கிட்டும் என்பது ரோமன் அளித்த விளக்கம். விளக்கம் மட்டும் போதவில்லை. ஆடியின் விட்டம் 3 மீட்டரிலிருந்து 2.4 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் செலவில் பங்கேற்றது. விஞ்ஞானிகளும் உறுப்பினர்களை நேரில் அணுகி ஆதரவு திரட்டினர். 1977இல் நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது.

ரோமன் 1979இல் ஓய்வு பெற்றார். ஹப்பிள் விண்ணில் ஏவப்பட்டதோ 1990இல். அதன் ஆடியில் இருந்த குறைபாடு 1993இல் விண்வெளி வீரர்களால் சரிசெய்யப்பட்ட பின்னரே அது முழுப் பயன் அளித்தது. ஆக, திட்டத்தைத் தொடங்கியவர் பதவியில் இருக்கும்போதே அதன் விளைவு கிட்டுவதில்லை.

நமக்குரிய படிப்பினை

இந்தியாவிலும் இத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்டு வருகின்றன. மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பலை ஆய்வகம் அமைக்கும் லைகோ-இந்தியா திட்டத்திற்கு 2023இல் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இத்துணைப் பெருந்தொகையைக் கையாளும் அதிகாரி விஞ்ஞானிகளின் வழக்கறிஞராக மட்டும் இருத்தல் ஆகாது. கருவூலத்தின் காவலராக மட்டும் இருப்பதும் ஆகாது. துறையறிந்தோரின் மதிப்பீட்டைப் பெற்று, தகுதியுள்ள கோரிக்கைகளுக்குள்ளும் சிலவற்றை மறுக்கும் துணிவு அவருக்கு வேண்டும். மறுப்பின் காரணத்தை ஒளிவின்றி எழுதி வைக்கும் நேர்மையும் வேண்டும். தமக்குப் பின் வருவோர் அறுவடை செய்யும் பயிருக்கு இன்று நீர் பாய்ச்சுவதே அவரது கடமையாகும்.