பட்டத்துக்கு அப்பால்: வன்னிப் பிள்ளைகளும் பொறியியல் ஆய்வும்



பொறியியலில் அரிதாகவே காணப்படும் பின்னணிகளிலிருந்து வரும் பிள்ளைகளை, விடுமுறைக்கால ஆய்வுப் பயிற்சி வழியாகப் பட்டப்பின் படிப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பேசவே இன்று கிளிநொச்சியில் கூடியிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் யார் என்று அமெரிக்காவில் கேட்டால் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், பழங்குடியினர் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். இங்கே கேட்டால் என்ன சொல்வோம்? என் முதற் பதில் வன்னிப் பிள்ளைகள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். இரண்டையும் கூட்டினாலும் நாட்டில் நூறு பேருக்கு ஒருவர்தான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் வந்த தரப்படுத்தல் நம் சமூகத்தில் விட்ட காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மாவட்டத்தைக் கணக்கில் எடுக்கிற அதே முறைதான் இன்று வன்னிப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது. யாழ்ப்பாண மேடைகளில் இதை யாரும் உரத்துச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல், வெளியூரில் அறை எடுத்துத் தங்கி ரியூசன் படித்து, அந்த ஒதுக்கீட்டில் ஒரு பிள்ளை பொறியியற் பீடத்துக்கு வருகிறது. இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் வன்னிப் பிள்ளைக்குப் போர் முடிந்த 2009-ல் சிறு வயது. அந்த வயதில் அது எங்கே இருந்தது என்பதை இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல் வரை அனுமதி விதி கூட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு அடுத்த வாசலில் ஒதுக்கீடும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. முதுமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் பிள்ளை தானாகவே வழி தேட வேண்டும்.

தடை எங்கே விழுகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் பெரும்பாலும் மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஆய்வுகூடத்தில் நம்மோடு நின்று வேலை செய்யாத பிள்ளைக்கு நாம் என்ன எழுதுகிறோம்? ‘என் விரிவுரைகளுக்கு ஒழுங்காக வந்தார், நல்ல புள்ளி பெற்றார்.’ அந்தக் கடிதத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்பது எழுதுகிற நமக்கே தெரியும். ஆய்வு என்ற ஒன்றை நம் மாணவர் முதன்முதலில் தொடுவது இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில்தான். அதில் ஒரு முடிவு கண்ணில் படும் முன்னரே பல இடங்களில் விண்ணப்ப நாள் கடந்துபோகிறது.

வீட்டிலும் ஒரு தடை உண்டு. பொறியியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிற மாணவருக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் கட்டணத்துக்கும் மாதச் செலவுக்கும் உதவிப்பணம் கிடைக்கிறது. இது தெரியாத தகப்பன், ‘எஞ்சினியர் ஆகியாச்சு, இனியும் காசு கட்டிப் படிக்கிறதா?’ என்று கேட்பதில் பிழை என்ன? மூத்த பிள்ளையின் முதற் சம்பளத்தை நம்பித்தான் தங்கையின் படிப்பும் வீட்டுக் கடனும் இருக்கின்றன.

இந்த இடைவெளிக்கு மற்றவர்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அமெரிக்க மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 1986-ல் ஒரு கோடைகால ஆய்வு வாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் இளநிலை மாணவருக்கான ஆய்வு அனுபவத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு நிலையத்துக்குப் பத்துப் பேரளவில், எட்டிலிருந்து பத்து வாரம், ஒரு பேராசிரியரின் கீழ் ஓர் உண்மையான ஆய்வுக் கேள்வி. தங்குமிடமும் உதவிப்பணமும் திட்டத்திலேயே அடக்கம். 2007-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இளநிலையில் ஆய்வு செய்தவர்களில் 29 வீதத்தினர் அதற்குப் பிறகே கலாநிதிப் பட்டத்தை எண்ணத் தொடங்கினர். ஆர்வம் உள்ளவர்கள்தானே இப்படியான திட்டங்களுக்கு வருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் புதிதாக நினைக்கத் தொடங்கியவர் பத்துக்கு மூவர் என்பது எனக்குப் போதும்.

அதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நமக்கு அந்தக் கோடையும் இல்லை, நிலையான கல்வி நாட்காட்டியும் இல்லை. விடுமுறை விட்டதும் நம் பிள்ளைகள் ரியூசன் எடுக்கிறார்கள், மேசன் வேலைக்குப் போகிறார்கள், சிறுபோக அறுவடைக்கு வீட்டில் நிற்கிறார்கள். பத்து வாரம் சும்மா வந்து ஆய்வு செய் என்று கேட்பது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவைத் திறப்பதாகும். ஆகவே உதவிப்பணம் இல்லாத திட்டம் எதையும் இந்தக் கருத்தரங்கு முன்மொழியக் கூடாது என்பது என் திடமான கருத்து. புலம்பெயர்ந்த உறவுகள் மண்டபம் கட்டித் தருகிறார்கள், வாசலில் பெயரும் பொறிக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு பத்துப் பிள்ளைகளைப் பத்து வாரம் ஆய்வில் இருத்தும். கல்வெட்டு வைக்க இடம் இருக்காது, அவ்வளவுதான்.

ஆய்வுக் கேள்விகளுக்கு வன்னியில் பஞ்சமில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எவ்வளவு சண்டை! கனகராயன் ஆறு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை குளத்தை நிரப்புகிறது, ஆவியாகிப் போவது எவ்வளவு, சிறுபோகத்துக்குக் கொடுத்தபின் மிஞ்சுவது எவ்வளவு? விவசாயிகள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள், ஆலோசகர்கள் அறிக்கை காட்டினார்கள். இந்த ஊர்ப் பிள்ளை தானே அளந்த கணக்கு மேசையில் இருக்கவில்லை. கடைசியில் அதற்கு மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து 2024-ல் திறக்கப்பட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, குளத்தின் கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்தது. மழைமானிப் பதிவையும் கதவு திறந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி பத்து வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. வவுனியாப் பக்கத்துக் கிணற்றுநீரும் சிறுநீரக நோயும் இன்னொரு கேள்வி. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் கருவிகள் மற்றொன்று.

வெளிநாடு போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்பவர்கள் இங்கும் இருப்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர்களே போய்விட்ட நாட்டில் அந்தப் பயம் இயல்பு. சிலர் வரமாட்டார்கள். ஆனால் பேராசிரியர் அழகையா துரைராசாவை நினைத்துப் பாருங்கள். வடமராட்சியிலிருந்து கேம்பிரிட்ஜ் போனவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி 1963-ல் அவர் எழுதிய கட்டுரை மண் பொறியியலில் இன்றும் அடித்தளம். அவர் பேராதனைக்குத் திரும்பி வந்தார், பொறியியற் பீடாதிபதியானார். பிறகு போர் நடுவே 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். கிளிநொச்சியில் விவசாய பீடம் 1990-ல் அவர் காலத்தில் தொடங்கியது. அறிவியல் நகரில் உள்ள நம் பொறியியற் பீடம் 2013-ல்தான் முளைத்தது. மேலும், பட்டப்பின் படிப்பு என்றால் வெளிநாடு மட்டுமே என்று யார் சொன்னது? பேராதனையும் மொறட்டுவையும் இருக்கின்றன, நம் சொந்தப் பீடமும் இருக்கிறது.

துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். பெரிய நிதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஒவ்வொரு துறையும் தெரிவு செய்யட்டும். அதில் ஒருவராவது வன்னி, மலையகம், அல்லது குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் வந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். அவர்களுக்கான ஆய்வுக் கேள்வியையும் பொறுப்பாசிரியர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, இன்று மாலை அமர்வு முடியுமுன் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.