கன்னிச் சமையல்



தென்னேரியில் இலக்கியம் பேச வருவோர் திரையனைத் தொடாமல் போவதில்லை. திரையன் ஏரியே தென்னேரி ஆயிற்று என்பது இவ்வூர் மரபு. காஞ்சியில் அரசிருந்த தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அவனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழியெங்கும் உணவு கிடைக்கிறது. எயினர் குடியில் உடும்புக்கறி, ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும், மறையவர் இல்லத்தில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். அந்த 500 அடிகளில் ஓரிடத்திலேனும் சோறு குழைந்ததாகவோ கறி தீய்ந்ததாகவோ செய்தி இல்லை. அது உண்பவனுக்காகப் பாடப்பட்ட பாட்டு. விருந்தினன் திண்ணையில் அமர்ந்திருக்கிறான்; அடுப்பின் புகை அவன் கண்ணை எட்டுவதில்லை.

அடுப்பங்கரைக்குள் புகுந்து பார்த்த புலவர்களும் உண்டு. அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கூடலூர் கிழார். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு அவருடையது. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண்ணின் வீட்டுக்குச் சென்று திரும்பிய செவிலி, தான் கண்டதை நற்றாய்க்குச் சொல்கிறாள். அந்தப் பெண் கட்டித்தயிரைக் கையாலேயே பிசைகிறாள். தயிர் படிந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதை மாற்றவுமில்லை, துவைக்கவுமில்லை. தாளிப்பின் புகை மையிட்ட கண்ணில் படிகிறது. ஒருவர் துணையுமின்றித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இவ்வளவே பாட்டு.

அவள் ஏன் ஆடையை மாற்றவில்லை? கணவன்மேல் கொண்ட காதல் மிகுதி என்று மேடைகளில் விடை சொல்லப்படுவதுண்டு. காதல் இருக்கட்டும். ஒருமுறையேனும் மோர்க்குழம்பு வைத்து அதைத் திரியவிட்டவருக்கு வேறொரு விடை தெரியும். தயிரோ மோரோ சூடேறும்போது பக்கத்திலேயே நின்று துழாவ வேண்டும். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் வெண்மையெல்லாம் திரண்டு ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும். பிறகு எந்தக் கரண்டியாலும் அதைச் சேர்க்க முடியாது. தாளிப்பு அதைவிடப் பொல்லாதது. கடுகு வெடித்து முடிந்த பின் ஒரு மூச்சு நேரம் தாமதித்தால் கருகிக் கசக்கும். இப்படிப்பட்ட குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பழக்கமில்லாத பெண் எப்படிப் புடைவை மாற்றப் போவாள்? போயிருந்தால், திரும்பி வரும்போது குழம்பு திரிந்திருக்கும். அவள் ஆடையைக் கொடுத்துக் குழம்பைக் காத்தாள். நெசவு நிறைந்த சீமையில் இருப்போருக்கு அந்த ஆடையின் விலையும் தெரியும்.

மோர்க்குழம்பு திரியாதிருக்க அரிசியையும் பருப்பையும் ஊறவைத்து அரைத்துக் கரைக்கிறார்களே, அதே அரிசியின் கஞ்சிதான் காஞ்சித் தெருக்களில் விடியற்காலையில் பாவுக்குப் போடப்படுகிறது. இழை பிசிறாமல் தறிக்குப் போவதும் தயிர் பிரியாமல் இலைக்கு வருவதும் ஒரே தானியத்தின் தயவால்தான்.

செவிலி ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். குழம்பு உண்மையில் இனித்ததா? அதைத் தான் சுவைத்ததாக அவள் எங்கும் கூறவில்லை. கணவன் இனிதென்றான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். உப்பு கூடியிருக்கலாம், புளி தூக்கலாக இருந்திருக்கலாம். புலவர் கெட்டிக்காரர், அந்தக் கதவைத் திறக்கவில்லை.

மாங்குடி கிழார் இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. நற்றிணையின் 120ஆம் பாட்டில் சமைப்பவளுக்குக் கோபம். மோதிரம் அணிந்த மெல்விரல்கள் அரிந்தரிந்து சிவந்துவிட்டன. கண் புகையில் கலங்கியிருக்கிறது. நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றுகிறாள். கணவனோடு ஊடலும் சேர்ந்துகொண்டது. அவனோ உதவிக்குப் போகவில்லை. ஒரு விருந்தினர் வந்தால் தேவலை, அவருக்காகவேனும் சினத்தை மறைத்துப் புன்னகை செய்வாளே என்று ஏங்குகிறான். நகைச்சுவையாகப் படித்துப் பழகிய பாட்டு இது. அடுப்பின் முன் நிற்பவள் பக்கத்திலிருந்து படித்தால் அத்தனை நகைப்பு வராது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் அடுப்பு மூட்டப்படுகிறது. மாதரி தந்த காய்களைக் கண்ணகி அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தர, தனக்குத் தெரிந்த அளவில் சமைக்கிறாள். புகாரில் ஏவலர் சூழ வாழ்ந்த வணிகர் குடிப் பெண்ணுக்கு ஆயர் வீட்டுப் புது அடுப்பு. வாழைக் குருத்தில் கோவலன் உண்டது என்ன சுவை என்று இளங்கோவும் சொல்லவில்லை. உண்டவன் எழுந்து சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். அவளிடம் அவன் மீண்டு வந்து உண்ணவேயில்லை. சிவந்த விரல்களைப் புலவர் அவ்வளவு நிதானமாகக் காட்டியதன் வலி, கதை தெரிந்தவர்க்கு அப்போதே தொடங்கிவிடுகிறது.

அச்செழுத்தின் காலத்தில் செவிலியின் இடத்துக்கு நூல் வந்தது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ மணமாகி வெளியூர் சென்ற எத்தனையோ இளம்பெண்களின் பெட்டியில் பயணம் செய்தது. அந்தத் தலைப்பைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். நன்றாக வரும் என்று அது உறுதி கூறவில்லை. பார் என்கிறது, வராவிட்டால் மறுபடியும் பார்.

கவியரங்குகளில் தாயின் கைமணம் போதிய அளவு பாடப்பட்டுவிட்டது. தாயும் ஒருநாள் சோற்றை அடிப்பிடிக்க விட்ட பெண்தானே? அந்த நாள் பாட்டில் வருவதில்லை. ஆண் சமைத்தாலோ நளபாகம், வீமபாகம் என்று வானளாவப் பேசுகிறோம். பருப்பு வேகுமுன் புளியை ஊற்றிவிட்டு, ஏன் வேகவில்லை என்று திகைத்து நிற்கும் பையனுக்கு ஒரு வரி கிடையாது. அவன் இன்று தென்னேரிக்கு அருகிலேயே இருக்கிறான். ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலை வேலைக்கு வந்து, நால்வராக ஓர் அறை எடுத்து, ஒற்றை அடுப்பில் முறை வைத்துச் சமைக்கிறான். இரவுப்பணி முடிந்து வந்து குக்கரின் விசிலை எண்ணும்போதே கண் செருகிவிடுகிறது. அரிசி அடிப்பிடித்த வாடை எழுப்பிவிட்ட பிறகுதான் ஊருக்குக் கைப்பேசியில் அழைப்பு போகிறது.

“மோர்க்குழம்பும் திரிஞ்சு போச்சும்மா.”

“கொதிக்க விட்டியாடா?”

“விட்டேன்.”

“நுரை கட்டினதும் இறக்கணும்னு சொன்னேனே. சரி, அவங்கல்லாம் சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டாங்க. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க.”