எத்தீம் பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு?
(ஜும்ஆ உரையின் சுருக்கம்)



இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர்கள். மக்காவில் அவர்களை வளர்த்த தாயாரிடம் ஆசிரியருக்குக் கொடுக்கக் கூலி இல்லை. தாம் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே அவ்வாசிரியர் கூலியாக ஏற்றுக்கொண்டார். அன்று திருப்பி அனுப்பியிருந்தால் ஒரு மத்ஹபையே நாம் இழந்திருப்போம்.

நமது மஹல்லாவில் மாமன் வீட்டில் வளரும் எத்தீம் பிள்ளையொருவன் எட்டாம் வகுப்போடு கடை வேலைக்குச் செல்ல இருந்தான். பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்திற்கு அவனுக்காக ஒருவரும் சென்றதில்லை. பெருநாளில் அவனுக்குப் புத்தாடை கொடுத்த நம்மில், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், அவன் எந்த வகுப்பு என்று அறிந்தவர் எவர்?

பணவுதவிக்கு வழி உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒருவர் இறந்து, மற்றவர் பராமரிக்க இயலாதிருப்பினும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இஷாவுக்குப் பின் அப்பிள்ளையின் நோட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே!

ஆகவே, இத்தகைய பிள்ளை ஒவ்வொருவருக்கும், வீட்டாரின் சம்மதத்தோடு, ஜமாஅத்தில் ஒருவர் பொறுப்பேற்கக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் கூட்டத்திற்குச் செல்வதும் வாரம் ஒருமுறை பாடம் விசாரிப்பதும் போதும். விரும்புவோர் அஸருக்குப் பின் பெயர் கொடுக்கலாம். அம்மாணவனுக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன்.