கூதிர்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு: தண்ணீரோடு இறங்கும் ஒரு நாள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த பழந்தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்து, அங்கு விளைவதை அங்கேயே உண்டு திரும்ப விரும்புவோருக்கு, அக்காலத்தில் மழை விட்ட ஒரு பகலே மிகவும் ஏற்றது. ஆனி, ஆடி மாதங்களில் ஆளையே தள்ளும்படி வீசும் மேல்காற்று அப்போது அடங்கியிருக்கும். ஜூன் மாதத்தில் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கப்பட்டு நடவான முதல்போக நெல் ஒரு வயலில் அறுவடையாகிக்கொண்டிருக்க, அதன் வரப்புக்கு அப்பால் இரண்டாம் போகத்துக்குச் சேறு கலக்கப்படும். ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் இத்தகைய நிலம் இருபோக நிலம் எனப்படுகிறது. இப்பள்ளத்தாக்கில் அதன் பரப்பு 14,707 ஏக்கர்.

தேனியில் புறப்பட்டு, சுருளி, மேகமலை, குமுளி என மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட எண்ணுவதே பயணிகள் வழக்கமாகச் செய்யும் பிழை. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் மேகமலைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆகவே அதை விட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தென்மேற்கே லோயர் கேம்புக்குச் சென்றுவிட்டு, அங்கிருந்து தண்ணீர் இறங்கும் வழியிலேயே தேனியை நோக்கி இறங்கி வருவது நன்று. இப்பள்ளத்தாக்கின் ஊர்களும் உணவும் அந்தத் தண்ணீரைப் பின்பற்றியே அமைந்தவை என்பதால், இவ்வரிசையில் பார்ப்பவருக்கு ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரை விளக்கிக்கொண்டே வரும்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைக் கற்காரையாலும் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையாலும், அதாவது சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளைச் சேர்த்த சாந்தாலும், மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் செயலுக்கு வந்தது. அத்தண்ணீர் தமிழகத்தில் இறங்கும் இடமே லோயர் கேம்ப். மலைச்சரிவில் பதிந்த பெருங்குழாய்களின் வழியே விழுந்து, மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிய பின்னரே அது வயலுக்குச் செல்கிறது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்குக்கு 2013இல் அங்கே திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். ஓர் ஆங்கிலேயரின் படத்தை இப்பகுதி மக்கள் தங்கள் வீடுகளில் மாட்டி, தைத் திருநாளில் அவர் பெயரால் பொங்கலிடுவது ஏன் என்பது, அந்தக் குழாய்களைக் கண்ணால் கண்டவருக்கு நன்கு விளங்கும்.

காலை உணவைக் கம்பத்தில் கொள்ளலாம். இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இருட்டோடு கிளம்பும் ஊராகையால், தேநீர்க் கடைகளும் இட்லிக் கடைகளும் இங்கு வெகு முன்னதாகவே விழித்துவிடுகின்றன. அடுத்து சுருளி அருவி: கூதிர்காலத்தில் மேகமலைக் காட்டில் பெய்யும் மழை, அருவியின் அடியில் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்துவிடக்கூடும் என்பதால், வனத்துறை குளிக்கத் தடை விதித்த நாளில் அதை மீற முயலாது திரும்பிவிடுவதே உயிருக்கு நல்லது.

திரும்பும் வழியில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் திராட்சைப் பந்தல்களுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கலாம். கருஞ்சிவப்புத் தோலும் விதையும் நறுமணமும் கொண்ட பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் மண்ணைச் சார்ந்தது என்னும் சட்டப்பூர்வ ஏற்பு, வழங்கப்பட்டது. உழவர்கள் வெவ்வேறு மாதங்களில் கவாத்துச் செய்வதால், அதாவது கொடியை வெட்டி விடுவதால், அடுத்தடுத்த தோட்டங்களில் பூவும் காயும் கனியுமாக ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. எனினும் தொடர்மழையில் கனி வெடித்து இனிப்புக் குன்றும். ஒரே இரவின் மழை நான்கு மாத உழைப்பைக் கெடுத்துவிடும் பயிர் இது. ஆகவே இரண்டு நாள் வெயில் கண்ட பழத்தைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி உண்ண வேண்டும். தோட்டத்துக்காரரிடம் நேரில் வாங்குவோர் விலையைக் கசக்கிப் பேசாதிருப்பது அறம். அனுமதியின்றிப் பந்தலுக்குள் நுழைவதும் கூடாது.

நண்பகலில் உத்தமபாளையம் வந்துவிடும். பிரியாணியோ சாப்பாடோ, பசிக்கேற்றது போதும். சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோட்டங்களின் நடுவே செல்லும் சாலையில், கடையில் தொங்கும் தாரிலிருந்து பழுத்த செவ்வாழை ஒன்றை உரித்துத் தின்பதற்காக இறங்கி நிற்பது வீண் தாமதமன்று.

பொழுது சாயும்போது வீரபாண்டியில், கௌமாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடும் முல்லையாற்றின் கரையில் அமர்வது பொருத்தம். காலையில் குழாய்களில் இரைந்து விழுந்த தண்ணீர் இங்கே அமைதியாக வந்து, தடுப்பணையைத் தாண்டி, தேனிக்கு அப்பால் வைகையில் சேரப் போகிறது. நீர்வரத்து மிகுந்த நாளில் தடுப்பணையில் இறங்கக் கூடாது. அங்கிருந்து தேனி எட்டு கிலோமீட்டருக்குள்தான். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பாலைக் கூதல் தொடங்கும் அந்த மாலையில் சூடாகக் குடித்துவிட்டு, பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் வரை ஊருக்குள் மெல்ல நடக்கலாம்.