நாவின் சுவையும் அறத்தின் வினாவும்



விருதுநகர்ச் சந்தையில் வாங்கும் தானியத்திலும் வற்றலிலும், இயற்கை முறையில் விளைந்தவற்றுக்குத் தனிச் சுவை உண்டா என்று பலர் வினவுகின்றனர். சுவையைப் பெரிதும் தீர்மானிப்பவை விதையின் இரகம், மண், முதிர்ச்சி, அறுவடைக்குப்பின் கழிந்த நாள்கள் ஆகியவை. கரிசலில் மானாவாரியாக விளைந்த புதுக் குதிரைவாலியையும், ஓராண்டு மூட்டையில் கிடந்ததையும் உண்டு பார்த்து, வேறுபாட்டுக்கு உரமே காரணம் என்பது முறையன்று.

அருகிலுள்ள கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றி, பின் அப்பணியைத் துறந்த நம்மாழ்வார், மண்ணின் உயிரைக் காக்கவே ஊர் ஊராகச் சென்று பேசினார்.

நமக்கோ இரசபரித்தியாகம் புறத்தவம் ஆறனுள் ஒன்று. சுவையைத் துறத்தலைத் தவமாகக் கொண்ட நாம், சுவைக்காக மட்டும் இயற்கை உணவை நாடலாமா? நம் வினா உயிர்களைப் பற்றியது. பூச்சிக்கொல்லி தெளிக்காத வயலில் கொலை குறைகின்றது. ஆயினும் இயற்கை வேளாண்மையிலும் மீன் அமிலமும் முட்டைக் கரைசலும் தெளிப்போர் உளர். பையின்மேல் உள்ள பெயரை மட்டும் நம்பினால் இதனை அறியமாட்டோம்.

ஆகவே, "சுவை எப்படி?" என்று கேட்பதற்கு முன், "பயிருக்கு என்ன இட்டீர்கள்?" என்று உழவரிடம் கேட்போம். தொழுவுரமும் பசுந்தாளும் இட்டு விளைவிப்பவருக்கு உரிய விலையைப் பேரம் பேசாது கொடுப்போம்.

வாழ்க ஜினதர்மம்!