நான்கு பாம்பும் ஒரு தொழிலும்

சேவைத்தொழில் என்பது ஒருவர் தம் கைத்திறனையும் நேரத்தையும் பிறர் தேவைக்குக் கொடுத்துக் கூலி பெறுவதாகும். அதில் எந்த வேலைக்காக ஊரார் தேடி வருகிறார்களோ அதுவே மூலத்தொழில். இதை வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தைப்போல் உணர்ந்த அமைப்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதையடுத்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர் பழங்குடிக் குடும்பங்களின் அடுப்பை அணைத்தபோது, பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இச்சங்கம் பிறந்தது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற அதே கை, நஞ்செடுத்தபின் அதை உயிரோடு விடக் கற்றது. இந்தியாவில் ஏறத்தாழ முந்நூறு வகைப் பாம்புகள் இருக்க, சங்கம் நஞ்செடுப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்து மட்டுமே. காரணம், குதிரைக்குச் சிறுசிறு அளவில் நஞ்சேற்றி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்யப்படும் நஞ்சுமுறி மருந்து, இந்நாட்டில் இந்த நான்கின் நஞ்சுக்கே தயாராகிறது. பிடித்த பாம்பு மண்பானையில் மூன்று வாரம்போல் இருக்கும். நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். சாரைக்கு அந்தப் பானையில் இடமில்லை. மூலிகையும் இருளர் அறிந்ததே, எனினும் அதற்கெனத் தண்டரையில் பெண்களின் சங்கம் தனியே நடக்கிறது.

கடப்பாரையும் சாக்குப்பையுமாக விடியலில் வரப்பேறும் இருளர் ஒருவரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எலிவளை வாயில் படிந்த தடத்தைக் கண்டே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, அது போனது நேற்றா இன்றா என்று சொல்லிவிடுகிறார். அவருடைய இனத்தவரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்புக்கு அழைக்கப்பட்டு, நான்கு வாரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு அங்கே ஆயிரம் பேர் கூடி ஒரு மாதம் வேட்டையாடியும் நூற்றுச் சொச்சம்தான் அகப்பட்டது! அவ்விருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது என்று மேடைதோறும் முழங்குவோர் இம்மாவட்டத்தில் உண்டு. அவர்கள் பேச்சை நம்பியே ஏசி மெக்கானிக்கின் பலகையில் வீட்டுமனையும் வாடகை வண்டியும் பந்தல் அலங்காரமும் ஏறுகின்றன. சித்திரை வெயிலில் வாடிக்கையாளர் அழைக்கும்போது அவர் மனை காட்டப் போயிருக்கிறார், உதிரிபாகம் வாங்க வேண்டிய பணம் பந்தல் துணியில் முடங்கிக் கிடக்கிறது, பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பெயர் ஒரு கோடையில் கரைகிறது. முழங்கியவர்களோ அந்த இழப்பில் ஒரு ரூபாயும் ஏற்பதில்லை.

ஒரே தொழிலில் நிற்பவருக்கு ஆபத்து இல்லாமலில்லை. பாம்பு பிடிக்க அரசின் அனுமதி வேண்டும். ஆணை தாமதமான பருவங்களில் பானைகள் வெறுமையாகக் கிடந்ததுண்டு. இத்தனைக்கும் பாம்புக்கடியால் இந்நாட்டில் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாய்கிறார்கள். அந்தச் சாவைத் தடுக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தருகிற, வரப்பில் நிற்கும் அந்தப் பெயரறியா மனிதரின் இனத்தில் இன்றும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைகின்றன. இது இம்மாவட்டத்துக்கே தலைக்குனிவு.

ஆகவே தொழில் நடத்துவோர் தம் கைக்கு வராத வேலையை நாளையே பலகையிலிருந்து அழிக்க வேண்டும். கைவந்த ஒன்றில் உறுதியாய் நின்ற இருளருக்கு ஆண்டுதோறும் பருவம் தவறாமல் அனுமதி ஆணை கிடைக்க, சிறுதொழில் நடத்துவோர் கூடிய இவ்வவை இன்றே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.