குழாயும் கண்காணிப்பும்

கிட்வாய் நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் காலையில் குழாயைத் திறக்கும்போது எண்ணிப் பார்ப்பதற்குரிய செய்தி ஒன்று உண்டு. நீர் வருவது ஒரு வழி. பயன்படுத்திய பின் போவது மற்றொரு வழி. அருகில் ஓடும் குஷக் நாலா, பாராபுலா நாலாவோடு சேர்ந்து யமுனையில் விழுகிறது. ஆகவே, நீர் வழங்குவோரை மதிப்பிடக் குழாயை மட்டும் பார்த்தல் போதாது. ஆற்றையும் பார்த்தல் வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் இறுதியில் நஜஃப்கர் நாலாவின் கழிவுநீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர். அக்காலத்தில் டில்லிக்கு நீர் வழங்கியது தனியார் கம்பெனியன்று, பொது வாரியமே.

தனியாரிடம் விட்டால் குறை தீருமா? இங்கிலாந்தில் 1989-இல் நீர் வாரியங்கள் கம்பெனிகளாயின. கட்டணத்தைக் கட்டுப்படுத்த ஓர் அமைப்பும், ஆறுகளைக் காக்க வேறோர் அமைப்பும் ஏற்பட்டன. எனினும், கழிவுநீரைச் சோதித்துக் கணக்குக் காட்டும் பொறுப்பு நாளடைவில் பெரிதும் கம்பெனிகளிடமே விடப்பட்டது. விளைவு யாது? 2010 முதல் 2015 வரை 6,971 முறை சட்டத்திற்கு மாறாகக் கழிவுநீரை வெளியேற்றிய சதர்ன் வாட்டர் கம்பெனிக்கு, 2021-இல் நீதிமன்றம் 9 கோடி பவுன் அபராதம் விதித்தது.

டில்லியிலும் தென்பகுதி மண்டலங்கள் இரண்டின் நீர் நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க ஒரு திட்டம் உருவாயிற்று. தகவல் பெறும் உரிமையைக் கொண்டு மக்கள் ஆவணங்களைப் பெற்று வினவவே, 2005-இல் அது கைவிடப்பட்டது. பின்னர், 2013-இல் மாளவியா நகரில் ஒப்பந்த முறை வந்தது.

உடைமை யாருடையதாயினும், அளப்பவர் யார் என்பதே தலையாய கேள்வி. நம் நாட்டு ஏரிப் பாசனத்தில் மடை திறந்து நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியை நினைவுகூருங்கள். பல ஊர்களில் அவருக்குச் சொந்த வயல் இராது; ஆதலால் அவர் பங்கீட்டை ஊரார் நம்பினர். நீர்க் கம்பெனியைக் கண்காணிப்பவரும் அத்தகையவராதல் வேண்டும். அவரே மாதிரி எடுத்துச் சோதித்தல், முடிவை மக்களறிய வெளியிடுதல், அபராதத் தொகை நம் கட்டணத்தில் ஏறாது காத்தல் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே இடம்பெறல் வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் அடுத்த முறை கூடும்போது, நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதோடு நில்லாமல், கழிவு எங்கே செல்கிறது, அதைச் சோதித்தவர் யார் என்றும் கேட்போமாக.